ஏரின் பின்னும் பரம்பின் மேலும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசியில் சோழநாட்டுச் சாலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். காவி உடை அணிந்த யாத்திரிகர்கள் கூட்டங் கூட்டமாக வேளாங்கண்ணியை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 8ஆம் நாள் விழா நிறைவு. பேருந்து உண்டு, 2010ஆம் ஆண்டு முதல் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு இரயிலும் உண்டு. இருந்தும் அவர்கள் நடக்கிறார்கள். நடப்பதே அவர்களுடைய நேர்த்திக்கடன். ஏறிச் செல்ல வண்டி இருக்கும்போது, நடையைத் தாமே விரும்பி மேற்கொள்வதனால் அன்றோ அந்த நடைக்குப் பெருமை உண்டாகிறது?

அந்தச் சாலையின் இருமருங்கிலும் நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. காவிரியின் கிளையான வெண்ணாற்றின் நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை நிலங்கள் அவை. அவ்வயல்களிலும் மனிதர் நூற்றாண்டுக் கணக்காக நடந்திருக்கின்றனர். ஆனால் அவர்களுடைய நடை நேர்த்திக்கடனன்று, பிழைப்பு. அந்த நடையின் வரலாற்றையும், நடந்தவர்கள் என்று, எவ்வாறு கருவியின்மேல் ஏறி நின்றார்கள் என்னும் வரலாற்றையும் மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நகரத்துப் பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் புல்வெளிகளைப் பேணுகின்றவர்கள் இக்காலத்தில் ஒரு கேள்வியை ஆராய்கிறார்கள். புல் வெட்டும் பொறியின் பின்னே நடந்து அதனைச் செலுத்துவது நல்லதா, அதன்மேலேயே ஏறி நின்று செலுத்துவது நல்லதா என்பது அக்கேள்வி. இது மேல்நாட்டுப் புல்வெளிகளுக்கே உரிய கேள்வி என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நெல்லும் புல்லினத்தைச் சேர்ந்ததே. அந்தப் புல்லை வளர்ப்பதற்காகப் பின்னே நடக்கும் கருவி ஒன்றையும் மேலே நிற்கும் கருவி ஒன்றையும் நம் முன்னோர் அருகருகே வைத்துப் பயன்படுத்தினர். பின்னே நடக்கும் கருவி ஏர். மேலே நிற்கும் கருவி பரம்பு.

முதலில் ஏரைப் பார்ப்போம். நுகத்தில் இரண்டு மாடுகள், அவற்றின் பின்னே ஏர்க்கால், அதன் அடியில் கொழு, மேலே மேழி. உழுகின்றவர் ஒரு கையால் மேழியைப் பற்றிக்கொண்டு, மறு கையில் தார்க்குச்சியுடன் பின்னே நடப்பார். மேழியைச் சற்று அழுத்தினால் உழவு ஆழமாகும். சற்றுத் தூக்கினால் மேலாகும். கொழு வேரில் சிக்கியதா, இறுகிய மண்ணில் தட்டியதா என்பதை அவருடைய கை உடனே அறியும். சேறு எங்கே உளையாக இருக்கிறது, எங்கே அடிமண் தாங்குகிறது என்பதைக் கால் அறியும். ஆகவே பின்னே நடப்பது மாட்டை ஓட்டுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. நிலத்தைப் பற்றிய அறிவு உழவரின் உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது.

இந்த அறிவுக்கு அவர் கொடுத்த விலை என்ன? பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தஞ்சைத் தரணியில் நிலத்தை மா என்றும் வேலி என்றும் அளப்பது வழக்கம். மூன்று மா ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. நாட்டு ஏரின் ஒரு சால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதை 15 சென்டிமீட்டர் அகலமுள்ள சால்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால், 27 கிலோமீட்டர் வரும். அஃதாவது, ஓர் ஏக்கரை ஒரு முறை உழுபவர் 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு வேலியை ஒரு முறை உழ 180 கிலோமீட்டர். இது வேளாங்கண்ணியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் வழியைக் காட்டிலும் நீண்டது. நடவுக்கு முன் ஓர் உழவு போதாது. மூன்று உழவு, நான்கு உழவு என்று போகும். அத்தனையும் கணுக்கால் புதையும் சேற்றில் நடக்கும் நடை.

இனிப் பரம்பைப் பார்ப்போம். உழுது சேறாக்கிய வயலில் மேடும் பள்ளமும் இருக்கும். மேட்டில் நீர் நில்லாது, களை முளைக்கும். பள்ளத்தில் நீர் தேங்கி இளநாற்று அழுகும். ஆகவே நடவுக்கு முன் வயலைத் தண்ணீர் மட்டத்துக்குச் சமன் செய்ய வேண்டும். அதற்கு உரியது பரம்புப் பலகை. கனமான நீண்ட பலகையை மாடுகளுக்குப் பின்னே படுக்கைவாட்டில் கட்டி, அதன்மேல் உழவர் ஏறி நின்றுகொள்வார். அவர் பின்னோக்கிச் சாய்ந்தால் பலகை ஒரு வகையாக மண்ணை இழுக்கும். முன்னோக்கிச் சாய்ந்தால் மற்றொரு வகையாக விட்டுச் செல்லும். மேட்டில் அழுத்தி மண்ணைச் சேர்த்துக்கொண்டு பள்ளத்தில் தளர்த்தி இறக்கிவிடுவது ஒரு கலை. இங்கே மனிதனுடைய எடையே கருவியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அவர் ஓய்வுக்காகப் பலகையில் ஏறவில்லை. ஏறாவிட்டால் வேலை நடவாது.

ஏறி நின்றவர் சேற்றில் அமிழாதது ஏன்? பௌதிக நூலில் அழுத்தம் என்னும் பாடத்தைப் படித்திருப்பீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, ஒரு பாதம் மட்டும் தரையில் ஊன்றும் கணத்தில், அவ்வெடை முழுவதும் ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ. அவரே 2 மீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையின்மேல் நின்றால், பலகையின் எடையை 20 கிலோ என்று சேர்த்துக்கொண்டாலும், 80 கிலோ 5,000 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.016 கிலோ, பாதத்தின் அழுத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எழுத்தறியாத உழவர் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. ஆனால் அதன் விடையை அறிந்திருந்தார். உழுவதற்கு நடப்பது, சமன் செய்வதற்கு நிற்பது என்று வேலையின் இயல்பைப் பார்த்தே அவர் பிரித்து வைத்திருந்தார்.

1970ஆம் ஆண்டை ஒட்டிய என் சிறு வயதில் பரம்படிக்கும் நாள் எங்களுக்குத் திருநாள். பலகைக்கு எடை போதவில்லையென்று சிறுவர்கள் இருவரையோ மூவரையோ அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். சேறு தெறிக்க, மாடுகள் விரைய, வயலில் தெப்பம் விட்டதுபோல் நாங்கள் மிதந்து செல்வோம். என்னோடு ஒரே வகுப்பில் படித்த சிறுவன் ஒருவன் அந்தப் பலகையில் ஏறியதில்லை. அவன் பண்ணையில் வேலை செய்தவருடைய மகன். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் முன்னே நடப்பது அவன் வேலை. அன்று அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னாளில் வரலாறு கற்பித்தபோதுதான், ஒரே வயலில் நாங்கள் இருவரும் இரண்டு வரலாறுகளில் நின்றிருந்தோம் என்பது விளங்கிற்று.

பின்னே நடப்பவர், மேலே நிற்பவர் என்று இருவரைச் சொன்னேன். வயலில் மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர் வரப்பின்மேல் நின்றவர். தஞ்சை மாவட்டத்தின் பெருநிலங்களை மிராசுதாரர்களும் கோயில்களும் மடங்களும் உடைமையாகக் கொண்டிருந்தன. மேழியைப் பிடித்தவர்களோ பெரும்பாலும் பண்ணையாட்கள். அவர்களிற் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். எத்தனை உழவு, எந்த மாடு, எந்தக் கருவி என்று முடிவு செய்தவர் வரப்பில் நின்றவர். அம்முடிவின்படி நடந்த கால்கள் வேறொருவருடையவை. 1952ஆம் ஆண்டில்தான் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விலக்கிவிட முடியாது, அவருக்கு உரிய கூலி இன்னதென்று வரையறை உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னைய நிலை எத்தகையது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெண்களின் நடையையும் இங்கே மறக்கலாகாது. ஏர் ஓட்டுபவர் முன்னோக்கி நடக்கிறார். நாற்று நடும் பெண்களோ குனிந்தபடியே பின்னோக்கி நடக்கிறார்கள். நட்ட பயிரை மிதித்துவிடக் கூடாதல்லவா? முதுகு நிமிராமல், காலை முதல் மாலை வரை, காணாத திசையில் அடி வைத்துச் செல்லும் அந்த நடையினாலே இந்தச் சமவெளி முழுவதும் பச்சைப் பாயாக விரிந்தது. நடவு காலத்தில் பள்ளியின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால், சில பெண்பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே நாள்தோறும் ஒரே குறி இருக்கும். தாய் வயலில் பின்னோக்கி நடக்கும்போது, மகள் வீட்டில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

இப்போது சற்றே கடல் கடந்து, புல்வெளியின் கதையைப் பார்த்துவிட்டு வருவோம். இங்கிலாந்தில் செல்வர் மாளிகைகளைச் சூழ்ந்த புல்வெளிகளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, நீண்ட கைப்பிடி கொண்ட அரிவாளால் வேலையாட்களே அரிந்து வந்தனர். பனி ஈரம் காய்வதற்குள் புல் நன்றாக அறுபடும் என்பதனால் விடியற்காலையிலேயே அவ்வேலை தொடங்கிவிடும். 1830ஆம் ஆண்டில், குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌடு என்னும் ஊரை அடுத்து வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வட்டாரத்து ஆலைகளில் கம்பளித் துணியின் மேலெழுந்த மயிரைச் சீராகக் கத்தரிக்கும் உருளைப் பொறி இருந்தது. துணியின் மயிரைக் கத்தரிப்பது தரையின் புல்லையும் கத்தரிக்கலாமே என்று அவர் எண்ணினார். 1832ஆம் ஆண்டில் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் அப்பொறியைச் செய்து விற்கத் தொடங்கியது.

அப்பொறியைத் தள்ளிக்கொண்டு பின்னே நடக்க வேண்டும். பெரிய பொறிகளைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு புல்லைக் குதறிவிடாமல் இருக்க அவற்றின் கால்களுக்குத் தோல் உறை மாட்டினர். நிலம் தாங்குமா என்னும் கவலை அங்கும் இருந்தது பாருங்கள். 1893இல் ஜேம்ஸ் சம்னர் என்பவர் நீராவியால் இயங்கும் புல்வெட்டியைச் செய்தார். 1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பொறியை விற்றது. அதன்பின் இருக்கையில் அமர்ந்து ஓட்டும் பொறிகள் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில், பொறியின் பின்புறத்தில் சிறு மேடை வைத்து அதில் நின்றபடி ஓட்டும் வகை வந்தது. அமர்ந்து ஓட்டும் வண்டியைவிட இது குட்டையானது. சிறிய இடத்தில் திரும்பும். வழியில் கல்லோ கிளையோ கிடந்தால் சட்டென்று இறங்கி எடுத்துவிடலாம். ஆயினும் குறுகிய வாயில், சிறு தோட்டம், செங்குத்தான சரிவு ஆகிய இடங்களில் பின்னே நடக்கும் பொறியே இன்னும் விரும்பப்படுகிறது. ஆக, புதியது பழையதை ஒழித்துவிடவில்லை. இடத்துக்கு ஏற்ப இரண்டும் நின்றன. நம் நாட்டிற்குப் புல்வெளி ஆங்கிலேயரோடு வந்தது. 1848இல் அமைக்கப்பெற்ற உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்கா அதற்குச் சான்று. நம் சிற்றூர்களில் வரப்புப் புல்லைப் பெண்கள் அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். புல்லை வெட்டி எறிவது இங்கே எவருக்கும் தோன்றாத செயல்.

எஞ்சின் நம் நெல்வயலுக்கு வந்தபோது மேற்சொன்ன கேள்வி மீண்டும் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்பவர், கொழுவை இழுப்பதற்குப் பதிலாகச் சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தும் முறைக்கு 1920இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் நிலச் சீர்திருத்தம் நடந்து, நிலம் சிறு உழவர் கைக்கு வந்தது. சிறிய வயலில் பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லை. ஆகவே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னே நடக்கும் பவர் டில்லர் அந்நாட்டில் வேகமாகப் பரவியது. அதே ஜப்பானிய நுட்பத்தைக் கொண்டு இந்தியாவில் 1967இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனமும், 1973இல் கேரள அரசின் காம்கோ நிறுவனமும் தோன்றின. இதற்கிடையே 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, ஏறி அமர்ந்து ஓட்டும் டிராக்டர்களை உற்பத்தி செய்யலாயிற்று. நடக்கும் கருவி, ஏறும் கருவி இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உழவர்முன் வந்து நின்றன.

முன்பு போட்ட கணக்கை இவற்றுக்கும் போடுவோம். பவர் டில்லர் ஒரு முறை செல்லும் அகலம் 60 சென்டிமீட்டர் என்றால், ஓர் ஏக்கருக்கு நடை 7 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள சுழற்கலப்பையை டிராக்டர் இழுத்தால், அது செல்லும் தூரம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. ஓட்டுபவர் ஓர் அடியும் நடப்பதில்லை. 27 கிலோமீட்டர் நடை இவ்வாறு சுருங்கியது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. பவர் டில்லரின் அதிர்வு கைப்பிடி வழியாகத் தோள் வரை ஏறும். சேற்றில் அதைத் திருப்புவதற்கு உடல் வலிமை வேண்டும். அதனாலேயே பின்னாளில் அதற்கு ஒரு சிறு இருக்கையும் வால்சக்கரமும் சேர்த்தனர். டிராக்டரோ கனமானது. சேற்று வயலில் அதற்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்ட வேண்டும். அச்சக்கரத்தோடு சாலையில் ஏறினால் சாலை கெடும். நெல்வயலில் ஆண்டுக்கணக்காகச் சேறடித்ததனால், மேல்மண்ணுக்குக் கீழே ஓர் இறுகிய அடுக்கு உருவாகியிருக்கும். நீர் கீழே இறங்கிவிடாமல் தாங்குவது அதுதான். கனத்த சக்கரம் அதை உடைத்துவிட்டால் அவ்விடம் உளையாகிவிடும். பின்னர் மாடும் இறங்காது, மனிதரும் இறங்க அஞ்சுவர்.

டிராக்டரைத் தஞ்சைக்கு அழைத்து வந்ததில் ஒரு நெல்லுக்கும் பங்கு உண்டு. 1960ஆம் ஆண்டளவில் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த குறுகிய காலக் குறுவை நெல்லான ஆடுதுறை 27, 1960களின் நடுவில் வயல்களுக்கு வந்தது. குறுவையை அறுத்தவுடன் தாளடியை நட்டுவிடலாம் என்னும் நிலை பிறந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள நாட்கள் மிகச் சில. அச்சில நாட்களுக்குள் உழுது முடிக்க வேண்டுமே என்னும் அவசரம் டிராக்டரை விரும்பச் செய்தது. அதே அவசரம், உரிய நேரத்தில் வேலைக்கு வரும் தொழிலாளியின் மதிப்பையும் உயர்த்தியது. விளைச்சல் கூடுகிறது, கூலியும் கூட வேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர். அக்கேள்விக்கு நாகை வட்டாரத்தில் கிடைத்த மறுமொழி வரலாற்றில் ஆறாத வடு. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அதன் பின்னர் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழைத் தஞ்சைக்கென இயற்றப்பட்டது.

மாணவர்களே, கருவிகளின் வரலாற்றிலே இதை ஏன் சொல்கிறேன்? அந்நாளில் வேலையின்றி நின்ற கைகள் பல. அத்தகைய ஊரில் ஒருவர் டிராக்டரின்மேல் ஏறி அமர்ந்தால், ஏரின் பின்னே நடந்த பலர் வரப்பில் நிற்க நேரும். கைகட்டி, கூலியின்றி நிற்க நேரும். நடை கொடியது என்று முன்பு சொன்னேன். அந்தக் கொடிய நடையும் பறிபோவது அதனினும் கொடியதாக இருந்தது. ஒரு கருவி நல்லதா தீயதா என்பதைக் கருவியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை.

காலம் மாறியது. நில உச்சவரம்பு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 30 தர ஏக்கர் என்றிருந்து, 1970இல் 15 ஆகக் குறைக்கப்பட்டது. பாகப்பிரிவினைகளாலும் வயல்கள் சிறுத்தன. உழைத்தவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றார்கள். ஒரு காலத்தில் ஆளை விலக்கும் பொறி என்று அஞ்சப்பட்டது, இப்போது ஆள் கிடைக்காத குறையை நிரப்பும் பொறியாகத் தேடப்படுகிறது. நாற்று நடுவதற்கும் பின்னே நடக்கும் பொறி, ஏறி அமரும் பொறி என இருவகை வந்துவிட்டன. நான்கு வரிசை நடும் பொறி 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால், அதன் பின்னே செல்பவருக்கு ஓர் ஏக்கருக்கு மூன்றரைக் கிலோமீட்டருக்கு உட்பட்ட நடை. நிமிர்ந்து, முன்னோக்கி நடக்கும் நடை அது. முதுகு வளைத்துப் பின்னோக்கி நடந்த தாய்மாரை நினைத்துப் பார்த்தால், இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்பது புலனாகும்.

அறுவடையில்தான் இக்கேள்வி மிகக் கூர்மையாக நிற்கிறது. பின்னே நடந்து இயக்கும் அறுவடைப் பொறி, கதிரை அறுத்து ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போகும். கட்டுக் கட்டவும், களத்தில் அடிக்கவும், தூற்றவும் ஆட்கள் தேவை. வைக்கோல் முழு நீளத்தில் கிடைக்கும். ஏறி அமர்ந்து ஓட்டும் பெரிய அறுவடை வண்டியோ அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தனியே கொட்டிவிடும். மழை மிரட்டும் நாளில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் களத்து மேட்டில் நெல்லாகக் கிடைத்து வந்த கூலி, சில மாதங்களுக்கேனும் ஓர் ஏழைக் குடும்பத்தின் குதிரை நிரப்பிய கூலி, அதனோடு மறைந்துவிடுகிறது.

பெரிய வண்டியிலும் டயர் வண்டி, பெல்ட் வண்டி என்று இரண்டு உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்தும் நீர் வடியாத கடைமடை வயலில் உழவர் பெல்ட் வண்டியையே நாடுகிறார்கள். வாடகை கூடுதலானாலும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். காரணம் முன்பு பார்த்த பரம்புக் கணக்குதான். 3,000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று, 40 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் தரையில் படியும் இரண்டு பட்டைகளின்மேல் நிற்பதாகக் கொள்ளுங்கள். பரப்பு 12,000 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.25 கிலோ. நடக்கும் மனிதனின் பாதத்தைவிட அந்த இரும்பு யானை மெல்ல மிதிக்கிறது! பரம்புப் பலகையின் தத்துவமே பட்டைச் சக்கரமாக மறுபிறவி எடுத்திருக்கிறது எனலாம். ஆயினும் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா போன்ற புயல் வீசிப் பயிர் தரையோடு படிந்துவிடுமானால், எந்த வண்டியும் திணறும். அப்போது பழைய அரிவாளும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையுமே வேண்டியிருக்கும்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? பின்னே நடப்பதா, மேலே நிற்பதா என்று ஒருவர் கேட்டால், மூன்று கேள்விகளைக் கேட்ட பின்பே விடை சொல்ல வேண்டும். மண் தாங்குமா என்பது முதற் கேள்வி, இது பௌதிகம். உடல் தாங்குமா என்பது இரண்டாவது, இது மருத்துவம். அந்த வேலையால் பிழைத்த குடும்பம் தாங்குமா என்பது மூன்றாவது, இது அறம். முதல் கேள்விக்கு நம் முன்னோர் செவ்வையாக விடை கண்டனர். ஏரையும் பரம்பையும் படைத்த அறிவு எளியதன்று. இரண்டாவது கேள்வியை அவர்கள் பெரிதும் கேட்கவில்லை. ஏனெனில் தாங்கிய உடல் வரப்பில் நின்றவருடையதன்று. மூன்றாவது கேள்வியைக் கேட்க மறுத்த ஊரில் நெருப்பு எழுந்தது.

உங்களில் சிலர் நாளை பொறியியல் கற்றுப் புதிய கருவிகளைப் படைப்பீர்கள். சிலர் வயலுக்கு உரியவர்களாக இருந்து அவற்றை வாங்குவீர்கள். சிலர் அவற்றை ஓட்டுவீர்கள். எந்த நிலையில் இருப்பினும், ஒரு முறை வரப்பை விட்டு இறங்கிச் சேற்றில் கால் வைத்துப் பாருங்கள். வேளாங்கண்ணிக்கு நடக்கும் யாத்திரிகரின் கால்களும் நோகின்றன. ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சி உண்டு. நடையைத் தாமே தேர்ந்துகொண்டவர் அவர். வயலில் நடப்பவரும், நிற்பவரும், ஏறி அமர்பவரும் தத்தம் நிலையைத் தாமே தேர்ந்துகொள்ளும் நாள் வரவேண்டும். அந்நாள் முற்றும் வந்துவிட்டதா என்பதை, மாட்டின் கயிற்றைப் பிடித்து நடந்த என் வகுப்புத் தோழனைப் போன்றவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அவர்களிற் சிலரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.